முப்பத்திரண்டாவது அங்கம்: நன்றியுரை

எங்கள் இசைக்குழுவின் பெயர் கடைவாய்ப்பல். பதினோரு ஆண்டுகளாக இருக்கிறோம். கிள்ளானில் எங்களைத் தெரிந்தவர்கள் சுமார் நாற்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்த அக்கம்பக்கத்தார்.

நாங்கள் வாசிப்பது போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற வகை ராக். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகத் தொடங்கும், நடுவில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்ததுபோல் கத்தும், பிறகு கத்தியதற்கு வெட்கப்பட்டு மெதுவாக முடியும். எங்களில் கத்துவது தாமரை. பகலில் அவள் காப்பாரில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. கிஷன் கித்தார். ஜாகிர் பேஸ் கித்தார். அவனுடைய அத்தா கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். டிரம்ஸ் நான், விமலன். லோரி உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறேன். பதினோரு ஆண்டுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில், சுங்கை பூலோவில் தளவாடக் கடைக்குப் பின்னாலிருக்கும் ஸ்டூடியோவில், ஒரு நண்பனின் கார் பட்டறைத் திறப்பு விழாவில் எல்லாம் வாசித்திருக்கிறோம். பட்டறையில் பாதிப் பாட்டில் நிறுத்தச் சொன்னார்கள், ஏதோ இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்து.

இந்த மார்ச் மாதம் கிஷனுக்கு ஆக்லாந்தில் ஒரு பால் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. செப்டம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விமானம். அவன் போவதற்குள் சொந்த ஊரில், ஒரு நல்ல மண்டபத்தில், எங்களுடைய ஒரே ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். ஏழு பாட்டு, இருபத்தேழு நிமிடம். எங்கள் ஆசை அவ்வளவுதான். இருபத்தேழு நிமிடம் வாசிக்க ஆறு மாதம் ஆகும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மங்களவாசம் மண்டபத்துக்குப் போனோம். நிர்வாகி லோகன் அண்ணன் மேசைமேல் ஒரு பெரிய நோட்டை விரித்து வைத்திருந்தார்.

"எந்த இயக்கம்?" என்று கேட்டார்.

"இயக்கம் இல்லண்ணே. பேண்டு" என்றேன்.

"பேண்டுன்னா?"

"நாலு பேரு சேர்ந்து வாசிப்போம்."

"நாலு பேரு சேர்ந்தா அது கும்பல் லா தம்பி. ஏழு பேரு சேர்ந்து, பதிவு பண்ணி, ரப்பர் முத்திரை வெச்சாதான் இயக்கம். மண்டபத்த இயக்கத்துக்கு மட்டும்தான் குடுப்போம்."

"நல்லா வாசிப்போம்ணே" என்றான் ஜாகிர்.

"அத யாரு கேட்டா?" என்றார் லோகன் அண்ணன். அவர் குரலில் கோபமே இல்லை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

தாமரைக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். பெயர் சபாபதி. பதினோரு இயக்கங்களில் பொறுப்பில் இருப்பவர். அவருடைய கார் பின் இருக்கையில் எந்நேரமும் ஒரு மேசைவிரிப்பு, ஒரு குத்துவிளக்கு, ஒரு டப்பா நிறைய ரப்பர் முத்திரைகள் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சிலருக்குக் குழந்தையைப் பார்த்தால் அப்படி வரும். அவருக்குப் பதிவு செய்யப்படாத ஒரு கூட்டத்தைப் பார்த்தால் வருகிறது.

"நீங்க வாசிங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஏழு பேர் வேண்டும். நாங்கள் நால்வர். சபாபதி அங்கிள் தலைவர். என்னுடைய முதலாளி, லோரி உதிரிபாகக் கடை சிவநேசன், துணைத்தலைவர். தாமரை வேலை செய்யும் பாலர் பள்ளியின் உரிமையாளர் நல்லம்மாள் ஆன்டி மகளிர் பிரிவுத் தலைவி. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் செயலாளர். மற்ற மூவரும் செயற்குழு உறுப்பினர்கள். மகளிர் பிரிவில் இருந்த ஒரே மகளிர் நல்லம்மாள் ஆன்டிதான். தாமரை பாடுவாள் என்று அவருக்குத் தெரியும். என்ன பாடுவாள் என்று தெரியாது. நவராத்திரிக்குப் பாடுகிற மாதிரி என்று நினைத்திருந்தார். நாங்களும் அதைத் திருத்தவில்லை.

பதிவுப் பெயர், கிள்ளான் வட்டாரக் கடைவாய்ப்பல் கலை, பண்பாட்டு, சமூகநல இயக்கம்.

"சமூகநலம் எதுக்கு அங்கிள்?" என்றேன்.

"கலைன்னு மட்டும் போட்டா ஒரு மாதிரியா பாப்பாங்க" என்றார்.

முதல் கூட்டத்துக்கு எல்லாரும் போனோம். மூன்று மணி நேரம் நடந்தது. முதல் ஒரு மணி நேரம், முந்தைய கூட்டக் குறிப்பை ஏற்றுக்கொள்வது பற்றி. முந்தைய கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்று நான் சொன்னேன். அதையும் குறிப்பில் எழுதச் சொல்லி, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏற்றுக்கொண்டார்கள். கடைசியில் கிஷன் கையைத் தூக்கி, மண்டபத்தை எப்போது எடுப்பது என்று கேட்டான். "அது இதர அங்கத்துல வரும்" என்றார் தலைவர். இதர அங்கம் வரும்போது எல்லாரும் மீ கோரெங் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கூட்டங்கள் வியாழக்கிழமை மாலையில் நடந்தன. மற்ற நாள்கள் முழுவதும் தலைவரின் பதினோரு இயக்கங்களுக்குப் போய்விட்டன. எங்கள் பயிற்சியும் வியாழக்கிழமைதான். அன்று மட்டும்தான் ஸ்டூடியோ கிடைக்கும். செயலாளர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்பதால் நான் கூட்டத்துக்குப் போனேன். மற்ற மூவரும் டிரம்ஸ் இல்லாமல் பயிற்சி செய்தார்கள். கிஷன் கைப்பேசியில் தாளம் போட்டுக்கொண்டு வாசித்தான். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டே மேசைக்கு அடியில் காலால் தட்டிப் பழகினேன். சிவநேசன் முதலாளி அதைப் பார்த்துவிட்டு எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து எண்ணெய் வாங்கிக் கொடுத்தார்.

நான்காவது கூட்டத்தில் தலைவர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார்.

"விதி ஒம்பது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினர்கள் தகுதி இழக்கிறார்கள். யாரு யாரு வரல, செயலாளர்?"

"தாமரை, கிஷன், ஜாகிர். அவங்க பயிற்சியில இருக்காங்க அங்கிள்."

"என்னா பயிற்சி?"

"இசைப் பயிற்சி. நம்ம நிகழ்ச்சிக்கு."

"அதுக்காக இயக்க வேலைய விட முடியுமா?" என்று வருத்தத்தோடு கேட்டார். உண்மையான வருத்தம். தன் தம்பி மகளையே நீக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்.

செயலாளர் என்ற முறையில் நானே கையெழுத்திட்டு என் மூன்று நண்பர்களுக்கும் நீக்கக் கடிதம் அனுப்பினேன். ஜாகிர் தன் கடிதத்தைச் சட்டம் போட்டு ஜவுளிக்கடையில் மாட்டினான். காலியான மூன்று இடங்களுக்கும் தலைவரின் மற்ற இயக்கங்களிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இப்போது ஒரு ராக் இசைக்குழுவின் செயற்குழுவில் இசை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் டிரம்ஸ் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதியவர்களில் ஒருவர், கமலநாதன், இயக்கத்தின் பெயரைப் பார்த்துவிட்டு இது பல் சம்பந்தப்பட்டது என்று முடிவு செய்திருந்தார். இலவசப் பல் மருத்துவ முகாம் நடத்தலாம் என்று முன்மொழிந்தார். ஒரே குரலில் ஏற்றுக்கொண்டார்கள். காப்பாரில், நல்லம்மாள் ஆன்டியின் பாலர் பள்ளியில் முகாம் நடந்தது. நான் நாற்காலி சுமந்தேன். தாமரை வாசலில் நின்று எண் சீட்டு கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பற்கள் பிடுங்கப்பட்டன. நாங்கள் பதினோரு வருடம் பாடியும் வராத நாளிதழ்க்காரர் அன்று வந்து படம் எடுத்தார். "கடைவாய்ப்பல் சாதனை" என்று அரைப் பக்கம் வந்தது. கிஷனின் அம்மா அதை வெட்டி வைத்துக்கொண்டார். மகன் படம் அதில் இல்லை; ஆனால் அவன் குழுவின் பெயர் இருக்கிறதே என்றார்.

ஆகஸ்டில் ஒருவழியாக மண்டபம் கிடைத்தது. செப்டம்பரில் கிஷன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு மணி வரை. ஆறரைக்கு அங்கே ஒரு திருமண விருந்து. எங்களுக்குத் தேவை இருபத்தேழு நிமிடம். கையில் நான்கு மணி நேரம் இருந்தது. நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதற்கடுத்த கூட்டத்தில் குத்துவிளக்கு வந்தது.

விளக்குக்கு ஐந்து முகம். ஏற்ற வேண்டியவர்கள் ஆறு பேர். சிறப்பு விருந்தினராக டத்தோ பட்டம் பெற்ற ஒரு தொழிலதிபர், தலைவர், துணைத்தலைவர், மகளிர் தலைவி, கமலநாதன், பல் மருத்துவர். யாரை விடுவது? சிவநேசன் முதலாளி எழுந்து கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். நல்லம்மாள் ஆன்டி, "நான் என்னா, மகளிர்னா இளக்காரமா போச்சா?" என்று பொதுவாகக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது விளக்கு வைப்பது என்று முடிவானது. இப்போது பத்து முகம், ஆறு பேர். நான்கு முகத்தை ஏற்றாமல் விட்டால் நன்றாக இருக்காது. இன்னும் நான்கு பிரமுகர்களை அழைத்தார்கள். அந்த நால்வரும் நான்கு இயக்கங்களின் தலைவர்கள். தலைவரை மட்டும் அழைத்துச் செயற்குழுவை அழைக்காமல் இருக்க முடியாது. அழைத்தவர்களை மேடையில் ஏற்றாமல் இருக்க முடியாது. ஏற்றியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தாமல் இருக்க முடியாது. போர்த்தியவர்களை இரண்டு வார்த்தை பேசச் சொல்லாமல் இருக்க முடியாது.

கூட்டம் முடியும்போது பிரமுகர்கள் அறுபத்தொரு பேர். நிகழ்ச்சி நிரலில் முப்பத்திரண்டு அங்கங்கள். "வாய்க்குள்ள இருக்கிற பல்லு மாதிரி சரியா முப்பத்திரண்டு" என்று கமலநாதன் மகிழ்ந்தார். முப்பத்தொன்றாவது அங்கம்: இசை, வெளிக் கலைஞர்கள், முப்பது நிமிடம். முப்பத்திரண்டாவது: நன்றியுரை, செயலாளர்.

"அங்கிள், பாட்ட கொஞ்சம் முன்னால போட முடியாதா? நேரம் இல்லாமப் போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"நேரம் இல்லன்னா வெட்டிக்கலாம் தம்பி."

"எத?"

"எத வேணாலும் வெட்டலாம். நன்றியுரைய மட்டும் வெட்டக் கூடாது." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எங்க பழைய சங்கத்துல ஒரு தடவ நன்றியுரையில ஒருத்தர் பேரு விட்டுப்போச்சு. சங்கம் ரெண்டா உடைஞ்சிருச்சு. இன்னமும் ரெண்டு பக்கத்துக்கும் பேச்சு வார்த்தை இல்ல. செயலாளரோ அவரு நியமிக்கிற ஆளோ நன்றி சொல்லி முடிக்கிற வரைக்கும் நிகழ்ச்சி முடியல. விதி இருபத்திரண்டு."

பாடல் வரிகளையும் ஆய்வுக்குக் கேட்டார்கள். "நான் ஒரு கடைவாய்ப்பல், யாரும் பார்க்காத இடத்தில் வலிக்கிறேன்" என்ற வரி முகாமுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். தாமரை கத்தும் இடத்தை எழுத்தில் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் ஒன்றரைப் பக்கத்துக்கு 'ஆ' என்று தட்டச்சு செய்திருந்தேன். "இந்த 'ஆ'வ கொஞ்சம் சுருக்கலாமே" என்றார் தலைவர். அரைப் பக்கமாகக் குறைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நண்பகலிலேயே டிரம்ஸையும் ஒலிபெருக்கிகளையும் மேடையின் பின்திரைக்கு அப்பால் அடுக்கிவிட்டோம். இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ரசிகர்கள் இருபத்தைந்து பேர் கறுப்பு டி-சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டத்தோ மூன்றே முக்காலுக்கு வந்தார். அதுவரை ஒன்றும் தொடங்கவில்லை. வாசலில் ஒருவர் உறுமி மேளத்தை ஒன்றே முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டே நின்றார். அன்றைக்கு மிக நீண்ட நேரம் இசைத்தவர் அவர்தான்.

விளக்கேற்ற இருபது நிமிடம். பிறகு பொன்னாடை. அறுபத்தொரு பேருக்கு இயக்கத்திடம் இருந்தவை பதினெட்டு பொன்னாடைகள். ஜாகிர் மேடையின் இடது பக்கம் நின்று, பொன்னாடையோடு இறங்கியவர்களிடம், "அங்கிள், குடுங்க, மடிச்சு வெக்கிறேன்" என்று பணிவாக வாங்கி, பின்பக்கமாக ஓடி வலது பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நீலப் பொன்னாடை நான்கு பேருக்குப் போர்த்தப்பட்டதை நானே எண்ணினேன்.

தலைவர் பேசினார். சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லித் தொடங்கினார். அப்படிச் சொல்லும்போது ஜாகிர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"அன்பார்ந்த பெரியோர்களே, ஆறே மாதங்களில் இந்த இயக்கத்தை நாங்கள் எந்த இசையும் இல்லாமல் இந்த உயரத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம். இளைஞர்கள் எங்கே, எங்கே என்று கேட்கிறார்கள். அவர்களைக் கூட்டங்களில் காண முடிவதில்லை. இதோ இந்த மேடையைப் பாருங்கள். அறுபத்தொரு பேர் அமர்ந்திருக்கிறோம். ஓர் இளைஞராவது இருக்கிறாரா? இதுதான் என் மனத்தை வாட்டுகிறது. இடம் இருந்தால் கட்டாயம் அழைத்திருப்போம்."

பலத்த கைதட்டல். டத்தோ பேசினார். தாம் பிளாஸ்டிக் துறையில் இருந்தாலும் பல் மீது தமக்குச் சிறு வயதிலிருந்தே ஈடுபாடு உண்டு என்றார். தமிழர்களின் பற்கள் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு ஈறுகளையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். பிறகு நான்கு இயக்கத் தலைவர்களும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். அவர்கள் ஊரில் இரண்டு வார்த்தை என்றால் பதினைந்து நிமிடம்.

ஐந்து முப்பத்தைந்துக்குத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமின்மை காரணமாக அங்கம் முப்பத்தொன்று கைவிடப்படுகிறது. வந்திருந்த கலைஞர்களுக்கு உணவுப் பொட்டலம் உண்டு. அடுத்து, நன்றியுரை. செயலாளர் விமலன்."

நன்றியுரை என்ற சொல் காதில் விழுந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. சாப்பாட்டு மேசை பின்னால் இருந்தது. நாற்காலி இழுபடும் சத்தம், தட்டுச் சத்தம். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் அறுபத்தொரு பெயர் கொண்ட தாளோடு நின்றேன். திரையின் ஓரத்தில் கிஷன் தெரிந்தான். அவன் கோபப்படவில்லை, யாரையும் திட்டவில்லை. கித்தார் கம்பிவடத்தை முழங்கையில் சுற்றி, ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் செய்வது போலவே, முறுக்கு விழாமல் நிதானமாக மடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருடம் அந்த வடத்தை அப்படி மடிப்பதைப் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பார்க்க முடியாது.

விதி இருபத்திரண்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"செயலாளர் என்ற முறையில், நன்றியுரை வழங்க கடைவாய்ப்பல் குழுவினரை நியமிக்கிறேன்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மீஹூன் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. நான் போய்த் திரையை இழுத்தேன். தாமரையின் கையில் தாளைக் கொடுத்தேன்.

"இதையா பாடணும்?" என்றாள்.

"இதையேதான். ஆல்பம் முழுக்க. பேர ஒரேயடியா படிச்சிராத, பரப்பி விடு."

அவள் தாளைப் பார்த்தாள். கீழே மண்டபத்தில் தட்டோடு நிற்கும் தன் முதலாளியம்மாவைப் பார்த்தாள். "வேல போச்சு" என்றாள். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

முதல் பாட்டு மெதுவாகத்தான் தொடங்கும். கிஷன் இரண்டு கம்பியை மட்டும் மீட்டினான். தாமரை தாலாட்டுவது போல, "மாண்புமிகு டத்தோ அவர்களுக்கும், பல் மருத்துவர் அவர்களுக்கும்" என்றாள். சிலர் திரும்பிப் பார்த்து, நல்ல பிள்ளை என்பதுபோல் தலையாட்டினார்கள். நான் குச்சியை நான்கு தடவை தட்டினேன்.

"நன்றி" என்று தாமரை கத்தினாள். மேசைமேல் இருந்த பப்படம் உடைந்தது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அது மிகை என்று நினைக்கிறேன்.

கமலநாதன் காதைப் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வாசலை அடைவதற்குள் அவருடைய பெயர், அப்பா பெயரோடும் வட்டாரத்தோடும், அடிவயிற்றிலிருந்து அலறலாக வந்தது. அவர் நின்றார். திரும்பினார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் இரண்டு கையையும் கூப்பி மண்டபம் முழுவதற்கும் வணக்கம் வைத்தார். கறுப்பு டி-சட்டைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். கமலநாதன் வாழ்நாளில் அப்படி ஒரு வரவேற்பைப் பெற்றதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அதைப் பார்த்துவிட்டார்கள் மற்றவர்கள். தாமரை வரிசைப்படி படிக்கவில்லை. தாளத்துக்கு எந்தப் பெயர் பொருந்துகிறதோ அதை எடுத்தாள். யாருடைய பெயர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தன் பெயர் வரும்போது தான் அங்கே இல்லாமல் போய்விட்டால்? ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே பத்துப் பேர் வந்தார்கள். மூன்றாவது பாட்டில் மண்டபம் முழுக்க உட்கார்ந்திருந்தது. நன்றியுரைக்கு யாரும் சாப்பிடப் போகாத முதல் நிகழ்ச்சி இதுவாகத்தான் இருக்கும்.

சிவநேசன் முதலாளியின் பெயர் நான்காவது பாட்டில், எல்லாக் கருவியும் சட்டென்று நின்று ஒரே அடியாக விழும் இடத்தில் வந்தது. அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். இசை திரும்ப இடியாக இறங்கியபோதும் உட்காரவில்லை.

சபாபதி அங்கிள் மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். நிறுத்துங்கள் என்று சொல்லக் கை பாதி உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. அவருடைய பெயர் இன்னும் வரவில்லை. இப்போது நிறுத்தினால் அவருக்கு நன்றி கிடையாது.

ஐந்தாவது பாட்டின்போது லோகன் அண்ணன் வந்தார். திருமண விருந்துக்காரர்கள் வாசலில் சீர்த்தட்டோடு நின்றார்கள். அவர் சுவரில் இருந்த மின்விசைப் பலகையைத் திறந்து கை வைத்தார். தாமரை தாளைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கத்தினாள்.

"மண்டப நிர்வாகி லோகன் அண்ணனுக்கு நன்றி. பத்தொம்பது வருஷத்துக்கும் நன்றி."

அவர் பெயர் எந்தத் தாளிலும் இருந்ததில்லை. பத்தொன்பது வருடம், வாரத்துக்கு மூன்று நிகழ்ச்சி, ஒருவரும் சொல்லவில்லை. லோகன் அண்ணன் விசைப் பலகையின் கதவை மெல்ல மூடினார். அதன் முன்னால் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு யாரும் தொடாதபடி காவல் நிற்பது போல.

ஆறாவது பாட்டு முடிந்தது. சபாபதி அங்கிள் மேடையேறி வந்து தாமரையின் காதருகில் குனிந்தார். ஒலிவாங்கி திறந்தே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"என் பேரு வரலியே மா."

"அடுத்த பாட்டுல வருது பெரியப்பா."

"இன்னும் ஒண்ணு இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு."

அவர் மண்டபத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சீர்த்தட்டோடு நிற்கும் திருமணக்காரர்களைப் பார்த்தார். "நன்றியுரைய பாதியில விடக் கூடாது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஏழாவது பாட்டில் தாமரை அவருடைய பெயரைப் பதினோரு நொடி கத்தினாள். இயக்கத்துக்கு ஒரு நொடி. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு எல்லாம் அடங்கி, தொடக்கத்தில் வந்த அந்த இரண்டு கம்பி மட்டும் மிஞ்சியது. ஆல்பம் அப்படித்தான் முடியும். தாமரைக்குக் குரல் கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது.

"கிஷன்" என்றாள். "நன்றி."

அவன் கடைசிச் சுரத்தை மீட்டவில்லை. கையைக் கித்தாரிலிருந்து எடுத்து, அறுபத்தொரு பிரமுகர்களும் செய்ததைப் போலவே கூப்பி, மண்டபத்துக்கு வணக்கம் வைத்தான். எழுந்து நின்று கைதட்டினார்கள். டத்தோவும் தட்டினார். ஜாகிர் அந்த நீலப் பொன்னாடையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டான். அன்று அதற்கு அது ஐந்தாவது தோள். நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வெளிப்படையாக அழுதேன்.

நல்லம்மாள் ஆன்டி தாமரையை நோக்கி வந்தார்.

"இந்தக் குரல வெச்சுக்கிட்டா அஞ்சு வயசுப் பிள்ளைங்கள அடக்க முடியலன்னு என்கிட்ட வந்து சொல்ற?" என்றார்.

சபாபதி அங்கிள் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"கடைசியா கிஷன்னு ஒரு பேரு வந்துச்சே. நம்ம பட்டியல்ல இல்லியே. யாரு அவரு?"

சில மாதங்களுக்கு முன்னால் அவரே நீக்கிய உறுப்பினர் என்று சொல்ல நினைத்தேன். "ஆக்லாந்துக்குப் போறாரு அங்கிள்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வியாழக்கிழமைக் கூட்டக் குறிப்பு என் கையெழுத்திலேயே இருக்கிறது. நன்றியுரை, பெயர்களோடு சேர்த்து நாற்பத்தொரு நிமிடம், ஒருமனதாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு நிகழ்ச்சியில் நன்றியுரையை முதல் அங்கமாக வைக்கலாமா என்று சிவநேசன் முதலாளி கேட்டார், பரிசீலிக்கப்படும். இயக்கத்தின் வெளிநாட்டுக் கிளை ஆக்லாந்தில் அமைக்கப்பட்டு, அதன் தலைவராக கிஷன் நியமிக்கப்படுகிறார். முன்மொழிந்தவர் கமலநாதன், வழிமொழிந்தவர் நல்லம்மாள்.

நியமனக் கடிதத்தை முத்திரையோடு படம் எடுத்துக் கிஷனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"தலைவர் பதவி வேற யாருக்காவது குடுங்கடா. எனக்கு நன்றியுரை போதும்."